பனியையும் கொதிப்பையும் தாங்கும் மலைச்செடிகள்

உயர்ந்த மலைமுகட்டில் குளிர் ஒன்றே ஆட்சி செய்யும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒரு செடி வெப்பத்தாலும் வதங்கக்கூடும் என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், மரங்கள் வளர இயலாத உயரத்தில், பஞ்சணை போலத் தரையோடு ஒட்டிப் படரும் குறுஞ்செடிகள் உண்டு. காற்று அவற்றின் மேலாக வீசிச் செல்லுமேயன்றி உள்ளே அதிகம் புகுவதில்லை. எனவே கோடை நண்பகலில் காற்றின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸாக இருக்கையில், இலையோ 35 டிகிரியைத் தொட்டுவிடலாம். மேகமற்ற அன்றிரவே அவ்விலை உறைநிலைக்குக் கீழும் இறங்கிவிடக்கூடும்.

இத்தகைய செடி எதுவரை தாங்கும் என்பதை அளந்தறிவதில் ஆஸ்திரியா நாட்டு இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத் தாவரவியலார் பல பத்தாண்டுகளாக ஈடுபட்டு வருகின்றனர். இத்துறைக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் வால்டர் லார்ச்சர்; அவருக்குப் பின்வந்தவர்களுள் கில்பர்ட் நாய்னர் குறிப்பிடத்தக்கவர்.

அவர்கள் கையாளும் முறையின் அடிப்படையை உங்கள் சமையலறையிலேயே காணலாம். பீட்ரூட் துண்டுகளைக் கழுவிவிட்டுக் குளிர்ந்த நீரில் போட்டால் நீர் அதிகம் சிவப்பதில்லை. கொதிநீரில் போடுங்கள், சற்று நேரத்தில் நீர் முழுதும் செந்நிறமாகிவிடும். உறையவைத்து உருகவிட்ட துண்டுகளும் அப்படியே சாயத்தைக் கக்கிவிடும். உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு கெட்டுவிட்டால், உள்ளிருப்பது வெளியே கசிகிறது, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் சாயத்துக்குப் பதிலாக உப்புக்களைக் கவனிக்கிறார்கள். இலைத்துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைகளுக்குக் குளிர்வித்து, மெதுவாக உருகவிட்டு, வடித்த நீரில் இடுகிறார்கள். உப்புக் கசியக் கசிய அந்நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். பிறகு அதே துண்டுகளைக் கொதிக்கவைத்து முற்றிலும் கொன்றுவிட்டு மீண்டும் அளக்கிறார்கள். முதல் அளவு இரண்டாவதில் எத்தனை பங்கு என்பதே சேதத்தின் கணக்கு. பாதிச் சேதம் நேரும் வெப்பநிலையை அச்செடியின் எல்லையாகக் கொள்வது வழக்கம்.

வெப்பத்தைச் சோதிக்கையில் இலையை அரைமணி நேரம் குறித்த சூட்டில் வைப்பார்கள். பச்சையம் உமிழும் மங்கலான சிவப்பொளியைக் கருவியால் அளந்து நலத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. நலமுள்ள இலையில் அந்த அளவு 0.83 அளவில் நிற்கும், கெட்டால் சரியும்.

ஆயினும் பறித்த இலை, மலையில் வேரூன்றி நிற்கும் செடிக்கு ஈடாகுமா? இருட்டில் சூடேற்றிய இலையும் வெயிலில் சூடேற்றிய இலையும் ஒரே விடையைத் தருவதில்லை. ஆகவே இன்ஸ்ப்ரூக் ஆய்வாளர்கள், செடியை அது முளைத்த இடத்திலேயே கூண்டிட்டு மூடி, வெயில் படப்படச் சூடேற்றும் கருவியையும் அமைத்தனர். ஆய்வகத்தோடு நின்றுவிடாமல் மலையேறிய இந்த அக்கறையையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

கிடைத்த விடைகள் திகைக்க வைக்கின்றன. ஆல்ப்ஸ் செடிகள் பலவற்றின் இலைகளுக்கு வெப்ப எல்லை 45 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே உள்ளது. குளிரிலோ, ஊதா மலர் பூக்கும் சாக்சிஃப்ராகா ஒப்போசிட்டிஃபோலியா என்னும் செடி, பனிக்காலத்தில் முழுமையாகப் பக்குவப்பட்டபின், பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினாலும் பிழைக்கிறது! சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,505 மீட்டர் உயரத்தில் இச்செடி வாழ்வதைக் கிறிஸ்டியன் கோர்னர் 2011இல் எழுதினார். ஆனால் கோடையில் துளிர்த்து வளரும் இலைக்கு அந்த வலிமையில் ஒரு சிறு பங்குகூட இருப்பதில்லை.

கவலைக்கு இடம் இங்கேதான் இருக்கிறது. ஆழ்ந்த பனி ஒரு கம்பளிப் போர்வை. வெளியே காற்று பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரிக்கு இறங்கினாலும், அதன் அடியில் தரை உறைநிலையை ஒட்டியே இருக்கும். உலகம் வெப்பமடைவதால் அப்போர்வை ஆல்ப்ஸில் முன்பைவிட விரைவில் விலகுகிறது. செடியும் காலம் வந்துவிட்டதென எண்ணி மொட்டு விடுகிறது. மொட்டும் பூவும் இலையைவிட மென்மையானவை. பிந்தி வரும் ஒரே ஒரு தெளிந்த இரவின் உறைபனி, இலைகளை விட்டுவிட்டு அவ்வாண்டின் விதைகளை மட்டும் பறித்துச் சென்றுவிடலாம். அதனால்தான் இலையை அளந்தவர்கள் இப்போது மொட்டையும் பூவையும் இளங்காயையும் தனித்தனியே அளக்கிறார்கள்.