இரண்டு இன்வாய்ஸ், ஒரே ஷூ

மென்பொருள் செய்யும் மனிதர்கள் – 11

எஸ்பி005. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 2017 கடைசியில் ஏற்றுமதிக் கணக்கு பார்த்தவர்களுக்கு இந்தக் குறியீட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஒன்றாக இல்லை, ஆகவே ரீஃபண்ட் இல்லை என்று சுங்கத் துறையின் கணினி அதன் வழியாகச் சொன்னது.

ஜிஎஸ்டி வந்த புதிதில் 500 ரூபாய்க்கு மேற்பட்ட ஷூவுக்கு வரி 18 சதவீதம். ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்றுதான் சட்டம். ஆனால் ஏற்றுமதியாளர் தேர்ந்தெடுக்கும் வழிகளில் ஒன்று, ஐஜிஎஸ்டியை முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவது. ஒரு கோடி ரூபாய் சரக்கு கப்பல் ஏறினால் 18 லட்சம் அரசிடம் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வரும் வழியில்தான் எஸ்பி005 நின்றது. ஷூ ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்து கடை ஷெல்ஃபில் ஏறியிருக்கும். இங்கே வரிப்பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த ஆர்டருக்குத் தோல் வாங்க வேண்டும், அப்பர் தைத்துக் கொடுத்த சின்ன யூனிட்டுக்கு ஜாப் வொர்க் கூலி தர வேண்டும். நாட்றம்பள்ளி, ஜோலார்பேட்டை சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண்களின் சம்பளமும் அதே பணச்சுழற்சியில்தான் இருக்கிறது.

சரி, எந்த எண் தவறு? இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கோளாறுகள் எல்லாவற்றையும்விட இந்த ஒன்று என்னை அதிகம் உறுத்துகிறது. காரணம், இதில் பெரும்பாலும் தவறான எண்ணே கிடையாது.

ஏற்றுமதி அலுவலகத்தில் இரண்டு வகை இன்வாய்ஸ் போடுவது பல கம்பெனிகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். சரக்கு ஃபேக்டரி வாசலைத் தாண்டும்போது வரிக்காக ஒன்று, ரூபாயில். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் கஸ்டம்ஸுக்கும் வணிக இன்வாய்ஸ் என்று இன்னொன்று, டாலரிலோ யூரோவிலோ. இரண்டுக்கும் தனித்தனி வரிசை எண். கணக்குப் பிரிவு முதலாவதை ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஏற்றியது. கிளியரிங் ஏஜெண்ட் இரண்டாவதை ஷிப்பிங் பில்லில் ஏற்றினார். இருவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். ஒரே பெட்டி ஷூவுக்கு இரண்டு உண்மையான எண்கள் இருக்கலாம் என்பது மட்டும் கணினிக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஏன் சொல்லித் தரவில்லை என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

ஜிஎஸ்டி ரிட்டர்னை வாங்கிக்கொள்ளும் கணினி அமைப்பு ஜிஎஸ்டிஎன் என்ற நிறுவனத்துடையது. 2013 மார்ச்சில் அது தொடங்கப்பட்டது. மென்பொருளைச் செய்யும் ஒப்பந்தம் 2015-ல் இன்ஃபோசிஸுக்குப் போனது, மதிப்பு 1,380 கோடி ரூபாய். ஷிப்பிங் பில்லை வாங்கிக்கொள்வது சுங்கத் துறையின் வேறொரு அமைப்பு. அது வயதில் மிகவும் மூத்தது, வேறு ஆட்களால் கட்டப்பட்டது, வேறு இயக்குநரகத்தின் கீழ் ஓடுவது. சட்டத்தை எழுதியவர்கள் மூன்றாவது கூட்டம்: மத்திய, மாநில வரி அதிகாரிகளும் அவர்களுக்கு மேலே ஜிஎஸ்டி கவுன்சிலில் அமர்ந்திருந்த அமைச்சர்களும். நான்காவது தரப்பு ஆம்பூரிலும் திருப்பூரிலும் இருந்தது. அதைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ எத்தனை இன்வாய்ஸ் போடுகிறாய் என்று கேட்டிருந்தால் அரை நாளில் விஷயம் தெரிந்திருக்கும்.

மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1967-ல் ஒரு கட்டுரை எழுதி ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுக்கு அனுப்பினார். நிரூபணம் போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 1968 ஏப்ரலில் டேட்டமேஷன் இதழ் அதை வெளியிட்டது. அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்தப் பேச்சு வழிகளின் அமைப்புதான் அவர்கள் செய்யும் பொருளின் அமைப்பாகவும் வரும். அவர் காட்டிய உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஓரிடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். கோபால் மொழிக்கும் ஆல்கால் மொழிக்கும் ஒவ்வொரு கம்பைலர் செய்யவேண்டும். ஐந்து பேரைக் கோபாலுக்கும் மூன்று பேரை ஆல்காலுக்கும் பிரித்துவிட்டார்கள். வேலை முடிந்தபோது கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களாகவும் ஆல்கால் கம்பைலர் மூன்று கட்டங்களாகவும் ஓடின. யாரும் அப்படித் திட்டமிடவில்லை.

பிறகு ஃப்ரெட் ப்ரூக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கணினி அறிஞர் தன் புத்தகத்தில் இதற்குக் கான்வே விதி என்று பெயரிட்டார். டெல்லியில் இரண்டு அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசுவது குறைவு என்றால், அந்த இரண்டு அலுவலகங்களின் மென்பொருளும் குறைவாகத்தான் பேசும். அந்தக் குறைவான பேச்சு, ஆம்பூரில் ஒரு கணக்கரின் திரையில் எஸ்பி005 என்று வந்து நின்றது.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் 2015-ல். ஆனால் எந்தச் சட்டத்துக்காக மென்பொருளோ அந்தச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது 2017 ஏப்ரல் 12 அன்று. அமலான நாள் ஜூலை 1. இடையே எண்பது நாட்கள். அதற்குள் விதிகள், படிவங்கள், திருத்தங்கள். அமலான பிறகாவது நின்றதா? கெடுத் தேதிகள் நகர்ந்தன. ஜிஎஸ்டிஆர்-1 தள்ளிப்போனதால் ஏற்றுமதியாளருக்காக அதிலிருந்து 6ஏ அட்டவணையை மட்டும் தனியே பிய்த்துக் கொடுத்தார்கள். நவம்பர் 10 அன்று குவாஹாட்டியில் கூடிய கவுன்சில், வாங்குபவர் கணக்கையும் விற்பவர் கணக்கையும் ஒப்பிடுவதற்காக உருவான ஜிஎஸ்டிஆர்-2, ஜிஎஸ்டிஆர்-3 இரண்டையும் நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு படிவங்களுக்காக இரவு விழித்தவர்கள் யாரோ இருந்திருப்பார்கள். அவர்களின் உழைப்பு எந்தச் செய்தியிலும் வரவில்லை.

பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு ஜோலார்பேட்டையில் வந்து இறங்கும் இளைஞர்களில் கணிசமானவர்கள் ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். திருப்பத்தூர், ஏலகிரி அடிவாரம், வாணியம்பாடி என்று ஊருக்குப் பிரிந்து போவார்கள். அப்பா தோல் ஷாப்பில் நின்றவராக இருப்பார், அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனியில் ஸ்டிட்சிங் லைனில் உட்கார்ந்தவராக இருப்பார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு இன்வாய்ஸ் விஷயம் தெரிந்திருக்கக் கூடும், அல்லது வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும். ஆனால் அவனிடம் வந்து சேர்வது ஒரு டிக்கெட். அதில் எழுதியிருப்பது: இந்தப் புலமும் அந்தப் புலமும் சமமா என்று பார், சமமில்லை என்றால் இந்தக் குறியீட்டை அனுப்பு. அவன் அதைப் பிழையில்லாமல் எழுதுகிறான். டெஸ்டர் இரண்டு சமமான எண்ணும் இரண்டு சமமில்லாத எண்ணும் கொடுத்துப் பார்க்கிறாள். சரியாக வேலை செய்கிறது. டிக்கெட் மூடப்படுகிறது. சனிக்கிழமை இரவு ரிலீஸ் போகிறது.

இந்தச் சங்கிலியில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? பத்திரிகைகள் கம்பெனியைத் திட்டின. கம்பெனிகளில் மேலே இருப்பவர்கள் பொதுவாக டீமைத் திட்டுவார்கள், டீமில் டெவலப்பர் டெஸ்டரைப் பார்ப்பார், டெஸ்டர் தேவையை எழுதிக் கொடுத்தவரைப் பார்ப்பார், அவர் தனக்கு வந்த மின்னஞ்சலை எடுத்துக் காட்டுவார். இந்தச் சுற்றை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், இதில் ஒருவரும் பொய் சொல்வதில்லை. அதுதான் கொடுமை. எல்லோரும் தங்கள் பகுதியைச் சரியாகச் செய்து, மொத்தம் தவறாகிப் போவதற்கு நம் ஊர் மென்பொருள் தொழிலில் இன்னும் ஒரு பொறுப்பாளர் பதவியே இல்லை.

ஆம்பூரின் ஒரு ஷூ ஃபேக்டரியில் இந்த மாதிரிக் கோளாறு இத்தனை மாதம் தாங்காது. அங்கே ஒரே கூரைக்குக் கீழே கட்டிங், ஸ்டிட்சிங், லாஸ்டிங். அப்பர் கால் மில்லிமீட்டர் இழுத்துக்கொண்டு லாஸ்ட் கட்டையில் உட்காரவில்லை என்றால் லாஸ்டிங் மேஸ்திரி அதை எடுத்துக்கொண்டு நடந்தே ஸ்டிட்சிங்குக்கு வருவார், அங்கிருந்து பேட்டர்ன் ரூமுக்குப் போவார். அதற்கும் முன்னால் சாம்பிள் ரூமில் செய்த ஜோடியை பையர் கையில் வாங்கிப் பார்த்து, உண்மையான காலில் போட்டுப் பார்த்து, கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் மொத்த ஆர்டருக்குத் தோல் வெட்டுவார்கள். கையெழுத்தான அந்த ஜோடி கடைசி வரை சாம்பிள் ரூமில் இருக்கும். சந்தேகம் வந்தால் எல்லோரும் போய்ப் பார்ப்பது அதைத்தான்.

ஒரு நாட்டுக்கே போடும் மென்பொருளுக்கு ஏன் அப்படி ஒரு ஜோடி இல்லை? உண்மையான ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் உண்மையான ஒரு மாதக் கணக்கை, ஃபேக்டரி வாசலிலிருந்து வங்கியில் ரீஃபண்ட் விழும் வரை, எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. அந்த மேசையைப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் தேவை.

அந்த மாதங்களில் வேறு காட்சிகளும் உண்டு. ஜூலை மாதத்துக்கான முதல் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்குக் கெடு ஆகஸ்ட் 20. முந்தின நாள் போர்ட்டல் முடங்கியது, கெடுவை 25-க்குத் தள்ளினார்கள். 3பி-யில் சப்மிட் என்று ஒரு பொத்தான், ஃபைல் என்று இன்னொன்று. சப்மிட்டை அழுத்திவிட்டால் எண்கள் உறைந்துவிடும், தவறு இருந்தாலும் திருத்த வழி கிடையாது. பல மாதம் கழித்துத்தான் திருத்தும் வசதி வந்தது. ஏற்றுமதித் தொகையை அதற்கான 3.1(பி) கட்டத்தில் போடாமல் உள்நாட்டு விற்பனைக்கான 3.1(ஏ)-வில் போட்டவர்கள் ஏராளம். கட்டிய வரி அதேதான், கட்டம் மாறியதால் தகவல் சுங்கத் துறைக்குப் போகவே இல்லை.

வரி கட்டாமல் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து ஏற்றுமதி செய்தவர்களின் கதை இன்னும் வேதனை. உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற அவர்கள் ஆர்எஃப்டி-01ஏ படிவத்தைப் போர்ட்டலில் நிரப்பி, அதை அச்செடுத்து, ஆவணக் கட்டோடு வரி அலுவலகத்துக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரீஃபண்ட் பகுதியின் மென்பொருள் தயாராகவில்லை. முழுக்க இணையத்திலேயே நடக்கும் ரீஃபண்ட் வந்தது 2019 செப்டம்பர் 26 அன்று. அதற்கு முன் பல மாதங்கள், டிஜிட்டல் வரி என்று பெயர் பெற்ற ஒன்று ஃபைல் கட்டுகளாக பஸ்ஸில் பயணம் செய்தது.

அரசு கவனிக்காமல் இல்லை. 2017 செப்டம்பரில் அப்போதைய பீகார் துணை முதல்வர் சுஷில் மோடி தலைமையில் அமைச்சர்கள் குழு அமைத்து, பெங்களூருக்கே போய்க் கூட்டம் நடத்தினார்கள். அதில் பலன் இருந்தது. ஆனால் பாடம் தங்கியதா என்றால், 2021 ஜூன் 7 அன்று அதே இன்ஃபோசிஸ் செய்த புதிய வருமான வரிப் போர்ட்டல் கோளாறுகளோடு திறந்தது. மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் குறை தீர்க்கக் கேட்டார். ஆகஸ்ட் 23 அன்று தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை நேரில் அழைத்தார். 750-க்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் இருப்பதாக அந்தச் சந்திப்பில் நிறுவனம் தெரிவித்தது. தாமதமான மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். எண்ணிக்கையைச் சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டிய நிலை நிறுவனத்துக்கும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை அமைச்சருக்கும் ஏற்பட்டதே எனக்கு வருத்தம். அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த 750 பேரில் ஒரு சின்ன ஊர் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது.

எஸ்பி005-க்கு வருகிறேன். 2018 பிப்ரவரி 23 அன்று மத்திய வரி வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. எண் 05/2018. ஏற்றுமதியாளர் ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும்: இந்த ஜிஎஸ்டி இன்வாய்ஸ்தான் அந்த ஷிப்பிங் பில்லில் உள்ள இன்ன இன்வாய்ஸ் என்று ஒன்றுக்கு நேராக ஒன்றை எழுதி. சுங்க அதிகாரி அதைப் பார்த்து, சரிதான் என்று கணினியில் ஏற்றினால் ரீஃபண்ட் நகரும். மார்ச் 15 முதல் ரீஃபண்ட் பட்டுவாடாவுக்கென்றே இரண்டு வாரச் சிறப்பு முகாமும் நடத்தினார்கள். சென்னை ராஜாஜி சாலையில் உள்ள கஸ்டம்ஸ் ஹவுஸுக்குத் தாள்களோடு போய் நின்றவர்களில் நம் வட்டாரத்துக் கணக்கர்களும் உண்டு. இரண்டு எண்களும் ஒரே ஷூவுக்கானவை என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் காட்டினார், அவர் ஒப்புக்கொண்டார்.

முதலில் 2017 டிசம்பர் வரையிலான ஷிப்பிங் பில்களுக்கு மட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. பிறகு தேதியை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். 2021 பிப்ரவரியில் வந்த சுற்றறிக்கை அதை நிரந்தரமாக்கியது. இப்போது அதற்கு ஒரு கட்டணமும் உண்டு, ஷிப்பிங் பில் ஒன்றுக்கு 1,000 ரூபாய். இரண்டு அலுவலகங்களின் மென்பொருளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கான அந்தத் தொகையைக் கட்டுவது ஏற்றுமதியாளர்.