‘நாளையிலிருந்து...’ என்பவரா நீங்கள்?

“நாளையிலேர்ந்து கண்டிப்பா வாக்கிங் போகணும் டாக்டர்!”

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்லாதவர்கள் ரொம்பக் குறைவு. சிலருக்குத் திங்கட்கிழமையிலிருந்து. சிலருக்கு ஒண்ணாம் தேதியிலிருந்து. இன்னும் சிலருக்குத் தை பிறந்ததும், பையன் பரீட்சை முடிந்ததும், பெண் கல்யாணம் முடிந்ததும்... ஆளுக்கு ஒரு நாள் குறித்து வைத்திருப்பார்கள். அந்த நாள் வரும், போகும். வாக்கிங் மட்டும் வராது!

நீங்களும் இப்படித்தானா? வெட்கப்பட வேண்டாம். மேலே படியுங்கள்.

பெட்டிக்குள்ளே ஷூ!

சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மாள் முழங்கால் வலி என்று வந்தார். வயது 46. எடை அதிகம். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. நூறுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 126-ம் அதற்கு மேலும் போனால் நீரிழிவு. இவருக்கு நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

“நடக்கிறீங்களாம்மா?” என்றேன்.

“பொங்கலுக்கே ஷூ வாங்கிட்டேன் டாக்டர்.”

அப்போது ஆடி மாதம். “அது சரி, நடக்கிறீங்களா?”

“ஷூ இன்னும் பெட்டியிலேயேதான் இருக்கு...” என்று சிரித்தவர், சட்டென்று கண் கலங்கிவிட்டார். “எனக்கு மன உறுதியே இல்லை டாக்டர். வீட்டிலே எல்லோரும் சோம்பேறின்னு சொல்றாங்க.”

அவருடைய ஒரு நாளைப் பற்றி விசாரித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுகிறார். ஏழேகாலுக்குள் மூன்று டிபன் பாக்ஸ் தயார். ஏழு ஐம்பதுக்கு ஸ்கூல் வேன். எட்டு மணிக்கு மாமியாருக்கு மாத்திரை. ஒரு நாள் கூட வேனைத் தவறவிட்டதில்லையாம்.

இவரா சோம்பேறி?

நன்றாக யோசித்துப் பாருங்கள். மற்றவர்களுக்காகச் செய்கிற வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு மணி இருக்கிறது. செய்யாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. அவர் தனக்காகச் செய்ய வேண்டிய ஒரே வேலைக்கு மட்டும் மணியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. “நேரம் கிடைக்கும்போது”, “மூட் வரும்போது” என்று விட்டிருக்கிறார். குடும்பஸ்தர்களுக்கு நேரம் எங்கே தானாகக் கிடைக்கிறது?

தள்ளிப்போட்டதற்கு விலை

தள்ளிப்போடுவது எல்லாச் சமயத்திலும் சிரிக்கிற விஷயமாக முடிவதில்லை. நீரிழிவு உள்ள ஒரு பெரியவர். காலில் செருப்புக் கடித்துச் சின்னதாகப் புண். அந்தச் சமயம் மகள் கல்யாண வேலை. “முகூர்த்தம் முடியட்டும், பார்த்துக்கலாம்” என்று இருந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்தபோது விரல் கறுத்துப் போயிருந்தது. இது எண்ணெய் பூசிப் பார்க்கிற கட்டம் இல்லை என்று அன்றைக்கே அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். காலைக் காப்பாற்ற ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவரும் சோம்பேறி இல்லை. அந்தக் காலோடுதான் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்திருக்கிறார்!

நானும் யோக்கியன் இல்லை. ஐம்பது வயதானதும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு மாதம் கடத்தினேன். காரணம் வேலை அல்ல, பயம். ஏதாவது இருந்து தொலைத்தால்? கடைசியில், ஞாயிறு காலை ஆறரைக்கு வீட்டுக்கே வரும்படி லேப் பையனிடம் சொல்லிவிட்டேன். ஊசியோடு வாசலில் வந்து நிற்கிறவனிடம் ‘நாளைக்கு வாப்பா’ என்று சொல்ல முடியுமா? கையை நீட்டினேன்.

சித்தர்கள் போட்ட கணக்கு

தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியைப் பாருங்கள். எண்ணெய் முழுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறை. நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை. பேதி நான்கு மாதத்துக்கு ஒரு முறை. வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. (பேதி, வாந்தி மருந்துகளை நீங்களாகச் சாப்பிட்டு வைக்காதீர்கள். வைத்தியர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.)

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘தோன்றும்போது செய்’ என்று எங்கேயும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மனசு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

சரி, என்னதான் செய்வது?

மணி குறியுங்கள்: ‘காலையில் நடப்பேன்’ என்பது போதாது. ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ‘வேன் போனதும், அப்படியே வாசலிலிருந்து நடப்பேன்’ என்று இருக்கட்டும். எப்போது, எங்கிருந்து என்ற இரண்டும் முடிவாகிவிட்டால் மனசுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

சின்னதாக ஆரம்பியுங்கள்: முக்கால் மணி நேரம் என்று நினைத்தாலே மலைப்பு வரும். அந்த அம்மாளுக்கு நான் சொன்னது இதுதான்: “வேன் போகிறபோது காலில் ஷூ இருக்கணும். தெருமுனை வரை போய்த் திரும்பி வாங்க. பத்து நாளைக்கு அதுக்கு மேலே ஒரு அடி வைக்கக் கூடாது!” விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் செய்தார். பதினோராம் நாள் அவராகவே பிள்ளையார் கோயில் வரை போய்விட்டார். ஆர்வம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திராதீர்கள். நடக்க ஆரம்பித்தால் ஆர்வம் பின்னாலேயே வரும். படிப்படியாக வாரத்துக்கு 150 நிமிஷம் என்ற கணக்கைத் தொட்டால் போதும்.

கேலண்டரைச் சாட்சி வையுங்கள்: வீட்டில் தினசரி கேலண்டர் இருக்கிறதல்லவா? நடந்துவிட்டு வந்த பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமும் பழைய தேதியே தொங்கினால் குழந்தைகளே கேட்டுவிடுவார்கள்!

ஒரு நாள் விட்டால் குடி முழுகாது: லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு காரியம் பழக்கமாக ஊறுவதற்குப் பொதுவாக 66 நாள் ஆகலாம் என்று தெரிந்தது. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 250 நாள் கூட ஆகும். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. நாங்கள் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் மருந்து சாப்பிடச் சொல்வதும் ஒன்றைப் பொறுமையாகத் தொடரத்தான். ஆகவே, ஒரு நாள் மழை, ஒரு நாள் விருந்தாளி என்றால் போகட்டும். மறுநாள் விடாதீர்கள்.

சோம்பலா, நோயா?

ஒன்றை மறக்காதீர்கள். எந்த நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லை, நன்றாகத் தூங்கியும் களைப்பு என்றால், அதைச் சோம்பல் என்று ஒதுக்கக் கூடாது. நாங்கள் பாண்டு என்று சொல்கிற இரத்தசோகையாக இருக்கலாம். தைராய்டு குறைவாக இருக்கலாம். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். இவற்றுக்கு அறிவுரை பலிக்காது. பரிசோதனையும் சிகிச்சையும்தான் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் இதய நோய் உள்ளவர்களும் நடையைத் தொடங்கும் முன் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடையால் பலன் உண்டா என்று சந்தேகமா? நம் சென்னை மருத்துவர்கள் நீரிழிவின் வாசற்படியில் நின்றிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீராக்கிக்கொண்டவர்களுக்கு நோய் வருகிற வாய்ப்பு சுமார் 28 சதவிகிதம் குறைந்திருந்தது.

அந்த அம்மாள் நான்கு மாதம் கழித்து வந்தார். சர்க்கரை 104. முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருந்தது.

“ஷூ பெட்டி என்ன ஆச்சும்மா?” என்றேன்.

“ஊசி, நூல், பட்டன் எல்லாம் போட்டு வச்சிருக்கேன் டாக்டர்!”

உங்கள் வீட்டில் எந்தப் பெட்டி இன்னும் திறக்காமல் இருக்கிறது? ஷூவோ, லேப் சீட்டோ, பாதியில் விட்ட தையல் வகுப்போ... எதுவானாலும் சரி. இந்தப் பத்திரிகையை மூடி வைக்கும் முன் ஒரு பேனா எடுங்கள். கேலண்டரில் நாளைய தாளில் ஒரு மணியை எழுதுங்கள். அந்த மணிக்கு ஐந்தே ஐந்து நிமிஷம் செய்யுங்கள். ‘நாளையிலிருந்து’ என்று நீங்கள் சொல்வது இதுவே கடைசியாக இருக்கட்டும்!