குளிரன்று, ஈரமே

கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு கெந்திங் மலைக்குச் செல்லும் அன்பர்கள், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக் குளிர்காற்று முகத்தில் படும்போது, இக்குளிரில் காரின் பிரேக் எண்ணெய் உறைந்துவிடாதா என்று வினவுவதுண்டு. உறையாது. சுழியத்திற்குக் கீழ் 40 பாகையிலும் பாயும்படி தயாரிக்கப்படும் அத்திரவம், கடுங்குளிர்த் தேசங்களில் விளக்கெண்ணெய்போல் தடித்து, மிதியின் விசை சக்கரத்தை அடையச் சற்றே தாமதமாகுமேயன்றி, நம் மலைக்குளிர் அதற்கு ஒரு பொருட்டன்று.

நம் பூமியின் ஈரமோ பெரும் பொருட்டு. பெயரில் எண்ணெயாயினும், நீரை விரும்பி ஈர்க்கும் சுபாவமுடைய அத்திரவம், ரப்பர் குழாய்களின் வழியே கசியும் நீராவியை மெல்ல மெல்லப் பருகிவிடுகிறது. புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதியாதிருக்க வேண்டிய ‘டாட் 3’ வகை, 3.7 சதவிகித நீர் சேர்ந்தபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். மலையிறக்கத்தில், கியரைக் குறைக்காமல் பிரேக்கையே ஓயாது மிதித்து வருகையில் தகடுகளின் உஷ்ணம் திரவத்திற்கு ஏறி, குமிழிகள் எழுகின்றன. திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். ஆகவே மிதி பஞ்சுபோல் அடிவரை இறங்க, வண்டி மட்டும் நில்லாது ஓடுகிறது. எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது!

பிரிக்பீல்ட்ஸ் பட்டறையொன்றில் ஒரு காரின் பிரேக் எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன்: இளமஞ்சளாய் இருக்க வேண்டியது கோப்பி-ஓ நிறத்தில் கிடந்தது. ஆயினும் நிறம் நீரின் அளவைச் சொல்லாது. பேனா போன்ற சோதனைக் கருவியின் முனையைத் தோய்த்தபோதே, நீர் மிகுந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.