மின்னல் வீட்டுக்குள்ளும் வரும்

கோடை மழையானாலும் ஐப்பசி மழையானாலும் முதல் இடி கேட்டதும் நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஒருவர் மாடிக் கொடியில் காயும் துணியை அள்ள ஓடுவார். இன்னொருவர் டிவி பிளக்கைப் பிடுங்கப் போவார். கரண்ட் போய்விடுமே என்று செல்போனைச் சார்ஜில் போட்டபடியே பேசிக்கொண்டிருப்பார் மூன்றாமவர். மூன்றும் தப்பு.

துணி நனைந்தால் நாளைக்குக் காயும். இடி காதில் விழுகிறது என்றால், ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். பிளக்கை வானம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கியபின் தொடாதீர்கள்; டிவி போனால் போகட்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்பதும் வீண் தைரியம். மின்கம்பி, கேபிள் வயர், இரும்புக் குழாய் எல்லாமே மின்னல் உள்ளே வரும் வழிகள். குளியல், பாத்திரம் துலக்குவது, வாஷிங் மெஷின் எல்லாம் காத்திருக்கட்டும். சார்ஜரில் இல்லாத செல்போனில் உள்ளே இருந்து பேசலாம். பால்கனியில் நின்று மின்னலை வீடியோ எடுப்பவர்களுக்கு என்ன சொல்ல? கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

கூரை வீடு, தகரக் கொட்டகை, மாட்டுத் தொழுவம் ஆகியவை மழைக்கு ஒதுங்கத்தான் உதவும்; பக்கத்தில் கான்கிரீட் வீடு இருந்தால் முன்கூட்டியே அங்கே போய்விடுங்கள். இடிக்குப் பயந்து 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்வதில் கெடுதல் இல்லை. கடப்பாரையை வாசலில் எறியப் போவதில்தான் இருக்கிறது.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. இந்தப் பயத்திலேயே சுற்றி நின்று பார்த்து, பிழைக்கக்கூடியவரைச் சாகவிடுகிறோம். 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.

உயிர் போய்விட்டால், துக்கத்தோடு துக்கமாக ஒரு வேலை இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்னல் சாவுக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் உண்டு. பல குடும்பங்கள் அன்றே எரித்துவிட்டு அதை இழக்கின்றன. 'போஸ்ட்மார்ட்டம் எதுக்கு, அலைச்சல்' என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருப்பார்கள், கேட்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். சாவுக்குக் காரணம் மின்னல் என்று அறிக்கையில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றே தகவல் போகட்டும். பிறகு இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழ், வாரிசின் ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல். இவற்றோடு மனுவைத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். 'மேலே அனுப்பியாச்சு' என்று வாயால் சொன்னால் எந்தத் தேதியில், எந்த எண்ணில் என்று கேளுங்கள். மழுப்பினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு மனு கொடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பிரேதப் பரிசோதனை இல்லாமல் எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம்.

ஆடு மாடு செத்தாலும் இதே கதைதான். 2022இல் வந்த விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். நாற்றம் வருமுன் புதைத்துவிடலாம் என்று அவசரப்படாமல் அரசுக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவர் பரிசோதித்துச் சான்று எழுதியபின் குழி தோண்டுங்கள்.