வாசிப்பை விட்டவர்களுக்கு ஒரு நூலகம்

தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படித்தவர்கள், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியதும் சத்தமில்லாமல் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங், பெஸ்தாரி ஜெயா என்று வட சிலாங்கூரின் எந்தத் தாமானுக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். கேட்டால், "கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா" என்பார். சிலருக்குக் கால் விரலை எடுத்திருப்பார்கள், சிலருக்குக் காலையே. வயசாகிவிட்டது என்று வீட்டில் உள்ளவர்களும் விட்டுவிடுவார்கள்.

வயது மட்டும் காரணமல்ல, இனிப்பு நீர் எனும் நீரிழிவு நோயும்தான். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். மாற்றுத்திறனாளி என்றதும் பிறவியிலேயே பார்வை இழந்த குழந்தையையோ போலியோவில் கால் சூம்பியவரையோ நினைத்துக்கொள்கிறோம். நம் பகுதியில் அவர்களோடு இன்னொரு பெரிய கூட்டமும் இருக்கிறது. வாழ்க்கையில் பாதியை நல்ல கண்ணோடும் காலோடும் கழித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இழந்தவர்கள் அவர்கள். எல்லாருக்குமான பொது நூலகம் என்ற பேச்சை இவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இவர்களுக்குச் சரிப்பட்டால் மற்ற பெரும்பாலோருக்கும் சரிப்படும்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியத் தொடங்கும். கசிவு விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால் எதிரே வரும் ஆள் தெரிவார், சுவர் தெரியும், எழுத்து மட்டும் கலங்கும். எழுத்தைப் படிப்பது அந்த நடுப்பகுதியின் வேலை. இதோடு வயதும் சேர்கிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டுகிறது. பாவை சுருங்கிவிடுகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுகிறது. இளைஞருக்குப் போதுமான விளக்கு பெரியவருக்குப் போதாது என்பது இதனால்தான். வாசிப்பு மேசையில் 500 லக்ஸ் அளவுக்காவது வெளிச்சம் விழ வேண்டும், அது கண்ணைக் கூசவும் கூடாது. பளபளப்புத் தாளில் அச்சிட்ட புத்தகம் கலங்கிய கண்ணுக்கு இரட்டைத் தண்டனை. பெரிய எழுத்துப் பதிப்புகள், மேசையில் பொருத்திய உருப்பெருக்கி, எழுத்தைத் திரையில் பல மடங்காக்கிக் காட்டும் கருவி, படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு மஞ்சள் பட்டை ஆகியவை இருந்தால் பலர் திரும்பி வருவார்கள். மஞ்சள் பட்டைக்கு ஆகும் செலவு ஒரு டின் சாயம்.

பார்வை முழுக்கப் போனவருக்கு பிரெய்ல் இருக்கிறதே என்பார்கள். லூயி பிரெய்ல் 1829இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறை மனிதர் கண்டுபிடித்த அற்புதங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951இல் வடிவம் பெற்றது. 'அம்மா' என்ற சொல்லை அதில் எழுதிப் பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி, அது அ. அடுத்த கட்டத்தில் நான்காம் புள்ளி மட்டும், அது மெய்யெழுத்தின் புள்ளிக்கு அடையாளம். நாம் எழுத்தின் தலையில் வைப்பதை பிரெய்ல் எழுத்துக்கு முன்னால் வைக்கிறது. பிறகு ம, மறுபடியும் ம, கடைசியில் ஆ. அச்சில் மூன்றெழுத்து, விரலுக்கு ஐந்து கட்டம். தடித்த தாளில் இப்படி விரியும்போது ஒரு நாவல் பல தொகுதிகளாகிவிடும். பிரெய்ல் நூல்களுக்கு ஏன் இவ்வளவு அலமாரி தேவை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

ஒரு கட்டத்துக்குள் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர், புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர். இரண்டு முனைகளை இரண்டாகவே உணர விரல் நுனிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த எல்லையை ஒட்டியே பிரெய்ல் அமைந்திருக்கிறது. இங்கேதான் இனிப்பு நீர் மறுபடி குறுக்கே வருகிறது. கண்ணைக் கெடுத்த அதே நோய் நரம்பையும் அரிக்கிறது. முதலில் பாதம் மரத்துப்போகும், நாளாக நாளாக விரல் நுனியும் மந்தமாகும். கண் போன பிறகு எந்த விரலை நம்பிப் படிக்க வேண்டுமோ அந்த விரலே சரியாகச் சொல்லாது. முயன்று கற்றவர்கள் உண்டு, புள்ளிகளைப் பெரிதாக்கிய பிரெய்லும் உண்டு. ஆனாலும் அறுபது வயதில், மரத்த விரலோடு புதிய எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்வது பலரால் ஏறமுடியாத மலை. எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1955இல் அர்ஜென்டினாவின் தேசிய நூலக இயக்குநரானபோது அவரால் புத்தகம் படிக்க முடியாத நிலை. இனிப்பு நீரால் அல்ல, பரம்பரைக் கண் கோளாறால். அவர் பிரெய்ல் கற்கவே இல்லை. அம்மாவும் நண்பர்களும் மாணவர்களும் வாசித்துக் காட்ட, காதால் படித்தார். கடைசி வரை எழுதிக்கொண்டும் இருந்தார்.

பிரெய்ல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்வையற்ற பிள்ளைக்கு எழுத்தும் இலக்கணமும் அதன் வழியாகத்தான் கைக்குள் வரும். ஆனால் ஒரு மூலையில் பிரெய்ல் அலமாரி வைத்ததும் கடமை முடிந்தது என்று நூலகம் நினைத்துவிடக் கூடாது. நம் பெரியவர்களில் பலருக்கு வழி காது.

அந்த வழிக்கான கருவிகள் விலை குறைந்துவிட்டன. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, தம்மைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேயுடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இன்றும் இலவசம். கணினித் திரையில் உள்ளதை அது வாய்விட்டுப் படிக்கும், தமிழும் படிக்கும். கைப்பேசிகளிலும் தமிழ்க் குரல் வந்துவிட்டது. தடை இப்போது கருவியில் இல்லை, நாம் எழுத்தைச் சேமித்து வைத்த முறையில் இருக்கிறது. யூனிகோடில் அ என்ற எழுத்துக்கு 2949 என்ற எண், உலகத்தில் எந்தக் கணினியிலும் அதே எண். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அப்படியில்லை. ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தார்கள். பாமினியில் தட்டச்சிய 'அம்மா' நம் கண்ணுக்கு அம்மாதான். திரைவாசிப்பானுக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஒரு நாவல் முழுக்க இப்படிக் காதில் விழுந்தால் யாரால் கேட்க முடியும்? பக்கங்களைப் படமாக வருடிப் பிடிஎஃப் ஆக்கிவிட்டால் அந்த ஒலிகூட வராது. கருவிக்கு அது எழுத்தே இல்லாத வெறும் படம்.

முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். கணினித் தமிழில் முன்னால் நடந்த நாடு இது. இங்கே அச்சான தமிழ் நாவல்களும் கவிதைகளும் பழைய எழுத்துருக்களில் பூட்டிக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை யூனிகோடில் இலவசமாகத் தருகிறது. திரைவாசிப்பான் அவற்றைத் தடையின்றிப் படிக்கும். நம் தோட்டத்து எழுத்துக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும். சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக, பதிப்புரிமை பெற்றவரிடம் தனித்தனியாக அனுமதி கேட்காமலே நூலை ஒலியாகவோ பிரெய்லாகவோ மாற்ற வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. 2014இல் அதை முதலில் ஏற்ற நாடு இந்தியா. மலேசியா 2022இல் சேர்ந்தது.

இவ்வளவும் ஆயத்தமாக இருந்தாலும் வாசற்படி ஏற முடியவில்லை என்றால் என்ன பயன்? நம் ஊர்க் கடை வரிசைகளைப் பாருங்கள். சாலையோரம் லொங்காங், அதைத் தாண்டினால் ஒரு படி, நடைபாதை கடைக்குக் கடை ஏறி இறங்கும், நடுவில் மோட்டார் சைக்கிள். இப்படிப்பட்ட கட்டடத்தின் மேல்மாடியில் நூலகத்தையோ வாசிப்பு அறையையோ வைத்துவிட்டால் காலை இழந்தவருக்கு அது இல்லாத நூலகம்.

சாய்தளம் போட்டால் போதுமா என்றால், எப்படிப்பட்ட சாய்தளம் என்பதுதான் கேள்வி. மலேசியத் தர ஆவணமான எம்எஸ் 1184, ஓர் அளவு உயரத்துக்குப் பன்னிரண்டு அளவு நீளம் என்கிறது. 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம். இந்தப் பன்னிரண்டு வெறும் காகித எண் அல்ல. ஆளும் சக்கர நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வில் அவரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஆறரைக் கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். இடமில்லை என்று சாய்தளத்தைப் பாதியாகச் சுருக்கினால் அது பதின்மூன்று கிலோவாகிறது. இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளுகிறவர் ஒவ்வொரு தள்ளலுக்கும் இடையில் கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நொடியில் நாற்காலி பின்னால் உருளும், முன்சக்கரம் தூக்கி மல்லாந்து விழவும் வாய்ப்பு உண்டு. செங்குத்தாக சிமெண்டைக் கொட்டிவிட்டு "ஓ.கே.யூ. வசதி" என்று மாற்றுத்திறனாளிகளுக்கான நீலப் பலகை மாட்டுவது ஆபத்தை அழைப்பது. மழைக்கு வழுக்காத தரையும் இருபுறமும் கைப்பிடியும் இல்லாத சாய்தளமும் அப்படித்தான்.

உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், அலமாரிகளுக்கிடையே 90 சென்டிமீட்டராவது வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கை சுமார் 120 சென்டிமீட்டர் உயரம் வரை எட்டும். அதற்கு மேலுள்ள தட்டுகளில் இருப்பதை யார் எடுத்துத் தருவது என்பதை நூலகம் முன்கூட்டியே முடிவுசெய்து வைக்க வேண்டும். காது மந்தமாகிச் செவிக்கருவி அணிந்தவர்களுக்கு முகப்பு மேசையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உதவும். ஒலிவாங்கியின் மின்னோட்டம் அதில் காந்தப்புலமாகி, செவிக்கருவியில் உள்ள சிறு சுருளில் மறுபடி மின்னோட்டமாகி, ஒலியாகக் கேட்கிறது. சுற்றியுள்ள இரைச்சல் அதில் பெரும்பாலும் ஏறாது.

இதுவரை சொன்னது வாசகருக்கு. முகப்பு மேசைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அரசு வேலைகளில் ஒரு விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற கொள்கை 1988இலிருந்து மலேசியாவில் இருக்கிறது. நீண்ட காலமாக எட்டப்படாத இலக்கு அது. நூலக வேலை அவர்களுக்கு ஒத்து வராது என்பது பழைய நினைப்பு. பட்டியல் தயாரிப்பது, நூல் தேடித் தருவது, ஒலிநூல்களைச் சரிபார்ப்பது எல்லாம் இன்று கணினியில் நடக்கிறது. நூலக மென்பொருள் திரைவாசிப்பானுக்குப் பேசினால் பார்வையற்றவர் அந்த வேலையைச் செய்வார். பேசாவிட்டால் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் முதல் நாளே முடங்கிவிடுவார். எனவே மென்பொருளை வாங்கும் நாளிலேயே இதைக் கேட்டாக வேண்டும், வாங்கிய பின் மாற்றுவது கடினம். மேசையில் ஒரு பகுதி தாழ்வாக இருந்தால் நாற்காலியில் வரும் வாசகருக்கும் உதவும், நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கும் உதவும். பணியாளர் கழிப்பறையைக் கட்டும்போது இப்படி ஒருவர் இங்கே வேலைக்கு வருவார் என்று யாரும் நினைப்பதில்லை. அங்கிருந்தே புறக்கணிப்பு தொடங்கிவிடுகிறது.

முன்மாதிரிகள் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இலிருந்து செயல்படுகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்தார்கள். மின்தூக்கி பழுதானாலும் அந்த வாசகர் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனால் புக்கிட் செந்தோசாக்காரர் பிரிக்பீல்ட்ஸ் போக செரண்டா நிலையத்துக்கு யாராவது கொண்டுவந்து விட வேண்டும், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல். ஒரு புத்தகத்துக்காக ஒரு காலை இழந்தவர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போவாரா? வசதி அவர் இருக்கும் ஊருக்கு வர வேண்டும்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு 26இல், பொது வசதிகளைப் பயன்படுத்துவதை உரிமை என்றே சொல்கிறது. மீறினால் தண்டனை என்று 2008இல் அதில் எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆகவே கேட்பவர்கள் இருந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

நகராண்மைக் கழகத்துக்கும் மாநில நூலக நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். வட சிலாங்கூரில் அடுத்து எந்த நூலகத்தைக் கட்டினாலும் புதுப்பித்தாலும், வரைபடம் முடிவாகும் முன்பே சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் பார்வையிழந்த ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் இன்னொன்று. உங்கள் நூலின் யூனிகோடு கோப்பை அச்சகத்தில் விட்டுவிடாமல் ஒரு பிரதி வாங்கி வையுங்கள், நூலகம் கேட்டால் கொடுங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவரை ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஏற்கெனவே பார்வையோ காலோ போயிருந்தால் சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யூ. அட்டை எடுத்துக் கொடுங்கள். பிறகு பக்கத்து நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் படிக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.