கைக்கு அடங்கிய மூன்று டன்

ஜபல்பூரில் பிறந்த சக்திமான் லாரி ஏலத்துக்கும் காயலான் கடைக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் செய்துவைக்க நினைப்பவர்களுக்கு அவகாசம் அதிகமில்லை.

போரில் சண்டை போட்ட டாங்கிக்கு மேடை கட்டி வைக்கிறார்கள். 2024-இல் அஹில்யாநகர் என்று பெயர் மாறிய அகமதுநகரில் 1994 முதல் டாங்கிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. அந்த டாங்கிகளுக்கு டீசலும் குண்டும், வீரர்களுக்கு ரேஷனும் சுமந்துபோன லாரிக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. கழிக்கப்பட்டது என்று ஒரு முத்திரை, ஒரு வரிசை எண், பிறகு ஏலம். எடுத்தவர் ஓட்ட முடிந்தால் ஓட்டுவார். முடியாவிட்டால் எஞ்சின் ஒரு பக்கம், ஆக்சில் ஒரு பக்கம், மிச்சத் தகரம் எடைக்கு.

இந்திய ராணுவத்தின் சக்திமான் லாரி இப்படித்தான் மறைந்துகொண்டிருக்கிறது. வி.கே.கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1958-இல் ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. மறு ஆண்டு ஜபல்பூரில், 1904 முதல் பீரங்கி வண்டிகள் செய்துவந்த கன் காரேஜ் ஃபாக்டரியில், முதல் வண்டிகள் உருவாயின. லாரிகளுக்கென்றே அதே ஊரில் வெஹிகிள் ஃபாக்டரி 1969-இல் வந்தது. மான் 415 என்ற ஜெர்மானிய வண்டிக்கு இங்கே வைத்த பெயர்தான் சக்திமான். நான்கு சக்கர இழுவை, உருண்ட மட்கார்டு, முன்னால் துருத்திய மூக்கு. சிப்பாய்களின் பேச்சில் அது வெறும் ‘த்ரீ டன்’. 1965, 1971 போர்களைப் பார்த்தது. அதைவிட அதிகமாக வெள்ளத்தையும் நிலச்சரிவையும் தேர்தல் பந்தோபஸ்தையும் பார்த்தது.

தொண்ணூறுகளில் உற்பத்தி நின்றது. அதன் வேலையைச் சென்னையின் அசோக் லேலண்ட் வடிவமைத்த ஸ்டாலியனும் டாடாவின் லாரியும் எடுத்துக்கொண்டன. ஆயுதத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாக மாறிய 2021 முதல் ஜபல்பூர் வெஹிகிள் ஃபாக்டரிக்கே தலைமையகம் ஆவடியில்தான். சக்திமான் என்ற பெயரோ 1997-இல் தூர்தர்ஷனில் சுழன்று பறக்க ஆரம்பித்த கதாநாயகனுக்குப் போய்விட்டது. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் முப்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு லாரி நினைவுக்கு வராது, ஞாயிற்றுக்கிழமைதான் வரும்.

பிளாஸ்டிக் மாடல் பிரியர்களுக்கும் இதில் ஒரு குறை உண்டு. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க லாரியா, ஜெர்மானிய லாரியா, ரஷ்ய லாரியா, பெட்டி வாங்கலாம். உள்ளே பாகங்கள் நம்பர் போட்டு இருக்கும். ஜப்பானின் டாமியா, பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், இத்தாலியின் இத்தாலேரி என்ற புகழ்பெற்ற பெயர்கள் எதிலும் சக்திமானுக்குப் பெட்டி கிடையாது. அயல்நாட்டுப் பெட்டி வாங்குவதும் சுலபமாக இல்லை. சுங்க அட்டவணையில் அளவு குறைத்த மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70.

ஆகவே சக்திமான் வேண்டும் என்பவருக்கு ஒரே வழி, ஒன்றுமில்லாததிலிருந்து செய்வது. மாடல் உலகில் இதற்கு ஸ்க்ராட்ச் பில்டிங் என்று பெயர். வெள்ளை பிளாஸ்டிக் ஷீட், கம்பி, மரம், ஈயம், பொறுமை. இவற்றில் முதல் நான்கு கடையில் கிடைக்கும்.

முதல் சிக்கல் அளவு. தொழிற்சாலை வரைபடம் வெளியாருக்குக் கிடைப்பதில்லை. ராணுவ முகாம் வாசலில் டேப்பும் காமிராவுமாக நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. தடை செய்யப்பட்ட இடங்களைப் படம் எடுப்பதையும் வரைவதையும் 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் குற்றமாக்குகிறது. டாமியாவின் ஷுன்சாகு டாமியா போர்ஷே காரை மாடலாக்கத் தீர்மானித்தபோது ஒரு காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பெட்டி 1976-இல் வெளிவந்தது. சக்திமான் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. ஏலத்தில் போன வண்டி நிற்கும் பட்டறையோ காயலான் கடையோதான் அவருடைய நூலகம். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கேஸ் கட்டர் வருவதற்கு முன் அளந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் டேப் வைத்து அளக்க முடியாது. மிச்சத்தைப் போட்டோவிலிருந்து எடுக்க வேண்டும். லாரிகளில் பழகிய 20 அங்குல ரிம் என்பது 508 மில்லிமீட்டர். போட்டோவில் அந்த ரிம் 20 மி.மீ. இருந்தால், படத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அசலில் 25.4. கதவு படத்தில் 35 மி.மீ. இருந்தால் அசல் 889. இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. படம் தூரத்திலிருந்து, வண்டிக்கு நேர் குறுக்கே நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். கிட்டே நின்று எடுத்தால் பக்கத்தில் இருப்பது பெருத்து, தள்ளி இருப்பது சிறுத்துவிடும். இரண்டு மூன்று படங்களில் ஒரே விடை வந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

அடுத்த கேள்வி, எந்த சக்திமான்? முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு லாரி தயாராகும்போது கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் அங்கங்கே மாறும். பணிமனைக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு பாகம் வேறாகித் திரும்பும். பத்து வண்டிகளின் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றிலும் ஒரு பாகம் எடுத்தால் வருவது எந்த ரெஜிமென்ட்டிலும் ஓடாத லாரி. எனவே தேர்ந்தவர்கள் ஒரே ஒரு வண்டியை, அதன் ஒரே ஒரு காலகட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தேகம் தீர்க்க நல்ல ஆள், ஓய்வு பெற்ற ஏ.எஸ்.சி. டிரைவரோ ஈ.எம்.இ. மெக்கானிக்கோதான். ஜாக்கி எங்கே கட்டப்பட்டிருக்கும், தண்ணீர் கேன் எந்தப் பக்கம் என்பதைப் புத்தகத்தைவிட அவர்களுடைய கை நன்றாக நினைவில் வைத்திருக்கும்.

ராணுவ மாடல்களுக்குப் பரவலாக உள்ள அளவு 1/35. அது தோன்றிய விதமே வேடிக்கை. 1961-இல் டாமியா ஒரு பாந்தர் டாங்கி மாடல் செய்தபோது உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்க வேண்டும் என்று உடலின் அளவை வைத்தது. பிறகு கணக்குப் பார்த்தால் அசலில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. அதுவே உலக வழக்கமாகிவிட்டது. இந்தக் கணக்கில் 7 மீட்டர் லாரி 20 சென்டிமீட்டர். மேஜையில் ஒரு ஸ்கேல் நீளத்துக்குள் அடங்கிவிடும்.

வேலை சேஸிலிருந்துதான் ஆரம்பமாகும். இரண்டு நீளச் சட்டங்களையும் ஒன்றாகக் கவ்வி, ஒன்றாக வெட்டி, ஒன்றாகத் துளை போட வேண்டும். அப்போதுதான் இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும். கண்ணாடித் தட்டின்மேல் கிராஃப் தாள் ஒட்டி, அதன் கோடு பார்த்துக் குறுக்குச் சட்டங்களைச் சேர்க்கிறார்கள். ஒட்டுவது பசை அல்ல. பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி ஒன்றாக்கும் திரவ சிமென்ட். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அதன் ஆவி நல்லதல்ல. இங்கே அரை மில்லிமீட்டர் கோணினால் கடைசியில் நான்கு சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாது. அதைப் பிறகு எந்தப் பெயின்ட்டும் மறைக்காது.

ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கணக்கு அழகாக விழுகிறது. கடையில் கிடைக்கும் 0.25 மி.மீ. ஷீட் 35 மடங்கில் 8.75 மி.மீ.; லாரிப் பட்டையின் கனம் அந்தப் பக்கம்தான். ஷீட்டைக் கீற்றாக வெட்டி, ஒன்றைவிட ஒன்று குட்டையாக அடுக்கி, நடுவில் கட்டினால் பட்டறைக்காரரே தலையாட்டுவார். எல்லா இடத்திலும் கணக்கு இப்படி ஒத்துழைப்பதில்லை. 1.5 மி.மீ. தகரத்தாலான மட்கார்டு மாடலில் 0.04 மி.மீ.; எழுதும் தாளைவிட மெல்லியது. அந்தக் கனத்தில் பிளாஸ்டிக் நிற்காது. ஆகவே உள்ளே தடியாகவே விட்டு, கண்ணில் படும் விளிம்பை மட்டும் அரத்தால் தேய்த்துக் கத்தி முனையாக்குகிறார்கள்.

சக்திமானின் முகம் அதன் பானெட்டும் மட்கார்டும். எங்குமே சமதளம் இல்லாத இந்த வளைவுகளில்தான் பலர் கைவிடுகிறார்கள். முதலில் மரத்தில் செதுக்க வேண்டும். சென்னபட்டணா பொம்மைக்காரர்கள் கடையும் வெட்பாலை போன்ற ரேகை நெருங்கிய மென்மரம் இதற்குத் தோது. ஒட்டுப்பலகையில் அதே வடிவத்துக்குச் சற்றுப் பெரிதாக ஓட்டை வெட்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டை அடித்து, ஷீட் தொய்யும்வரை சூடு காட்டி, மர அச்சின்மேல் ஒரே அமுக்கு. ஒரு வினாடி முந்தினால் முழுதாகப் படியாது; பிந்தினால் கிழியும். ஷீட்டின் கனம் மேலே ஏறும் என்பதால் மர அச்சை அந்த அளவு சிறிதாகவே செதுக்கியிருக்க வேண்டும். இதை மறந்தவர்களின் லாரிக்குக் கன்னம் வீங்கியிருக்கும்.

சக்கரத்துக்கு வேறு வழி. ஒன்றே ஒன்றை லேத்தில் கடைந்து, டயர் பொத்தான்களை அரத்தால் வெட்டி, அதிலிருந்து சிலிக்கான் ரப்பர் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி, ஸ்டெப்னி உட்பட மிச்சத்தைப் பிறப்பிக்கிறார்கள். முதல் சக்கரத்தில் உள்ள பிழை எல்லாச் சக்கரத்திலும் பிறக்கும். ஆகவே ஒரு மாதம் அதில் போனால் வீண் அல்ல.

மற்றவற்றுக்கு வீட்டு அலமாரி போதும். மின்வயரை உரித்தால் கிடைக்கும் செம்புத் தந்தி பிரேக் பைப் ஆகிறது. புரொஜக்டர் ஷீட் முன்கண்ணாடி. மெல்லிய டிஷ்யூ தாளைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் தார்ப்பாய். காய்வதற்குள் வளைவுக் கம்பிகளுக்கு இடையே விரலால் லேசாகத் தொய்யவிட வேண்டும். கட்டும் கயிறு, தேன்மெழுகு தடவிய நூல். மெழுகு இல்லாவிட்டால் நூலின் பிசிறு இந்த அளவில் முள்செடிபோலத் தெரியும். 24-ஆம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும் போல்ட்டின் தலை இங்கே 0.7 மி.மீ. அறுகோணப் பிளாஸ்டிக் கம்பியை வெங்காயம் நறுக்குவதுபோல் நறுக்கி, ஒவ்வொன்றாகத் தூரிகை முனையில் தொட்டு வைக்க வேண்டும். தும்மினால் அன்றைய வேலை போயிற்று.

பெயின்ட் என்றால் ஆலிவ் பச்சை டப்பாவைத் திறந்து பூசுவதல்ல. சிறிய பொருளில் அசல் நிறம் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலக்க வேண்டும். அதன்மேல் புழுதி. ஜைசல்மேரின் மஞ்சள் மணலா, அசாமின் சேறா, லடாக்கின் சாம்பல் தூசியா என்று முடிவு செய்தாக வேண்டும். மூன்றையும் பூசினால் அழுக்கு லாரி கிடைக்கும். எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லாது. விளக்கணைத்து இரவில் போகும் கான்வாயில் பின்னால் வருபவருக்குத் தெரிவதற்காக ரியர் டிஃபரன்ஷியலுக்கு வெள்ளை பூசுவது பிரிட்டிஷ் ராணுவத்தில் தொடங்கிய வழக்கம். லாரியின் அடிவயிற்றைச் செய்யாமல் விட்டவருக்கு அந்த வெள்ளைப் புள்ளிக்கும் இடமிருக்காது.

கடைசியில் நம்பர். ராணுவ வண்டி எண் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய வருஷம். 71 என்று எழுதிவிட்டு எண்பதுகளில் வந்த விளக்கைப் பொருத்தினால், பணிமனையில் மாற்றியதாகப் போட்டோ ஆதாரம் இருக்க வேண்டும். பம்பரில் நான்காவது டிவிஷனின் சிவப்புக் கழுகை வரைந்தால், அந்த டிவிஷன் அந்த வருஷம் நின்ற மண்ணுக்கும் சக்கரத்தின் புழுதிக்கும் பொருந்த வேண்டும். வேலை முழுவதிலும் சிறியது இந்த எண்தான். ஆனால் இதற்குப் பிறகு அது ஏதோ ஒரு லாரி அல்ல. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய லாரி.

பார்ப்பவருக்குத் தெரியாத சேஸுக்கும் கியர்பாக்ஸுக்கும் இத்தனை உழைப்பு எதற்கு? போட்டிகளில் நடுவர்கள் டார்ச் அடித்துக் கீழே பார்ப்பார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அசல் வண்டிகள் வெட்டுப்படும்போது முதலில் காணாமல் போவது இந்த அடிப்பாகங்கள்தான். வெளித்தோற்றம் குடியரசு தினப் படங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் தப்பிவிடும். குறுக்குச் சட்டம் எங்கே ரிவெட் ஆகியிருந்தது, முன் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட் எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது என்பதை யாரும் படம் எடுத்ததில்லை. படம் எடுக்கத் தகுந்த விஷயமாக அது யாருக்கும் தோன்றியிருக்காது.

அதனால்தான் மாடலைவிட மதிப்புள்ள ஒன்று அதைச் செய்தவரின் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. டேப் பிடித்து எழுதிய நோட்டு, எண்ணெய்க் கறையோடு. மாடல் உடையும். வீடு மாறும்போது நொறுங்கும். பேரன் கையில் அகப்பட்டால் ஒரு மாலைப் பொழுதுகூடத் தாங்காது. நோட்டைச் சுத்தமாக வரைந்து, தேதியும் வண்டி எண்ணும் போட்டு, இரண்டு மூன்று பேருக்குப் பிரதி கொடுத்துவிட்டால் அதே லாரியை இன்னொருவர் செய்ய முடியும். பலர் இந்தக் கடைசி வேலையை மட்டும் செய்வதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குச் செலவு செய்பவர்கள் ஜெராக்ஸுக்குச் செலவு செய்ய யோசிக்கிறார்கள். காயலான் கடையில் கேஸ் கட்டர் யோசிப்பதில்லை.