ஆபிரிக்க விலங்குகளைக் காண உகந்த பருவம்

தன்சானியா நாட்டின் வடபாகத்திலே செரங்கெற்றி எனும் பெருஞ் சமவெளி பரந்து கிடக்கின்றது. அதன் தென்கோடிக்குப் பெப்ரவரி மாதத்திற் சென்று வந்த ஒருவர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை விலங்குக் கூட்டத்தையன்றி வேறொன்றையும் காணவில்லை என்று வியந்து கூறுவர். அதே இடத்துக்கு ஓகஸ்ட் மாதத்திற் சென்ற மற்றொருவரோ, காய்ந்த புல்லும் எழும்பும் புழுதியுமே கண்டதாகச் சொல்லி மனம் வருந்துவர். இருவர் கூற்றும் உண்மையே. இடம் ஒன்றுதான்; காலம் வேறு.

விலங்குகளைக் காண மேற்கொள்ளும் இத்தகைய செலவைச் ‘சபாரி’ என்பர். அரபு மொழி வழியே சுவாகிலி மொழியில் வந்து வழங்கும் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பெரும் பொருட்செலவில், பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வாய்க்கும் பயணம் இது. ஆகையால், ‘எந்த மாதம் சிறந்தது?’ என்று கேட்பது இயல்பே. ஆனால், அவ்வினாவுக்கு நாட்காட்டி மட்டும் விடை கூற இயலாது. மழை எங்கே பெய்கின்றது, நீர் எங்கே தங்குகின்றது, காண விரும்புவது எதனை என்பவற்றை அறிந்த பின்னரே விடை பிறக்கும்.

கென்யாவும் வட தன்சானியாவும் பூமத்திய ரேகையை அடுத்துள்ளன. சூரியன் ஆண்டில் இருமுறை அப்பகுதிக்கு மேலாகச் செல்கின்றான். அவனைத் தொடர்ந்து மழை வளையமும் இருமுறை கடக்கின்றது. எனவே, மார்ச் முதல் மே வரை நெடுமழையும், நவம்பர், டிசம்பர் மாதங்களிற் குறுமழையும் அங்கு பெய்கின்றன. தெற்கே சாம்பியா, பொட்ஸ்வானா, நமீபியா முதலிய நாடுகளிலோ மழைக்காலம் ஒன்றே. அது பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி மார்ச் அல்லது ஏப்ரலில் முடிவடையும். இந்த வேறுபாட்டை அறியாது, ‘ஆபிரிக்கா’ என்று முழுக் கண்டத்துக்கும் ஒரே பருவத்தைக் குறித்துக்கொள்வதே பயணிகள் செய்யும் முதற் பிழையாகும்.

முதலிற் செரங்கெற்றியை நோக்குவோம். மாட்டின் தலையும் குதிரையின் வாலும் கொண்டதுபோற் தோன்றும் வில்டபீஸ்ட் எனும் மானினம் அங்கே ஏறத்தாழப் 13 இலட்சம் உண்டு. வரிக்குதிரைகளும் சிறு மான்களும் இலட்சக் கணக்கில் அவற்றோடு சேர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாக இடம்பெயர்கின்றன. சமவெளியின் தென்பகுதி, அண்டையிலுள்ள எரிமலைகள் பண்டைக் காலத்திற் கக்கிய சாம்பல் படிந்த நிலம். அங்கே முளைக்கும் குறும்புல்லிற் கல்சியமும் பொசுபரசும் மிகுதி. பாலூட்டும் தாய்களுக்கு வேண்டியவை இவையே. ஆகவே, குறுமழை பெய்து புல் தளிர்த்ததும் மந்தைகள் தெற்கே வந்து சேர்கின்றன. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை அங்கே கன்றீனும் காலம். பெரும்பாலான கன்றுகள் ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் உண்டு தீர்க்க முடியாதவாறு ஒரே காலத்திற் பிறப்பதே அவ்வினத்தின் காப்பு. பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்கும் கன்று, அன்றே தாயுடன் ஓடப் பழகுகின்றது. பிறப்பையும் வேட்டையையும் ஒருங்கே காண விரும்புவோர்க்கு உரிய காலம் இதுவே.

ஆனால், அத்தென்பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. நெடுமழை ஓய்ந்ததும் குட்டைகள் வற்றுகின்றன. மந்தைகள் மேற்கும் வடக்குமாக நகர்ந்து, ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிற் கென்ய எல்லையை அடுத்த மாரா ஆற்றை அடைகின்றன. மழை மிகுந்த அவ்வட பகுதியிற் கோடையிலும் புல்லும் நீரும் கிடைக்கும். ஒக்ரோபர் வரையும் அவை ஆற்றை இருபுறமும் மாறிமாறிக் கடக்கின்றன. முதலைகள் காத்திருக்கும் அந்நீரில் ஆண்டுதோறும் சராசரியாக 6,000க்கு மேற்பட்டவை மூழ்கி இறக்கின்றன என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். அவ்வுடல்கள் மீன்களுக்கும் கழுகுகளுக்கும் உணவாகி, ஆற்றுக்கே உரமாகின்றன.

இவ்விடப்பெயர்ச்சியின் வழிகளை ஆராயும் பொருட்டு, ஜெர்மனிய விலங்கியலறிஞர் பேர்ண்ஹார்ட் கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் 1958ஆம் ஆண்டிற் சிறு விமானத்திற் பறந்து மந்தைகளை எண்ணினர். 1959 ஜனவரியில் அவ்விமானம் வீழ்ந்து மைக்கேல் உயிரிழந்தார். இன்று பயணிகள் கையிற் கொண்டு செல்லும் பருவக் குறிப்புக்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு உண்டு.

எனினும், ஆற்றைக் கடக்கும் நாளை எவரும் முன்கூட்டிக் குறித்துரைத்தல் இயலாது. கரைக்கு வந்த மந்தை பல மணி நேரம் தயங்கி நின்று, கடவாமலே திரும்பிப் போவதும் உண்டு. ஒரே நாள் மட்டும் தங்கிச் செல்பவர் ஏமாறுவர். நாலைந்து நாள் பொறுத்திருப்பவர்க்கே வாய்ப்பு மிகுதி. கரையில் வண்டிகள் நெருங்கி நின்று வழியை மறித்தால், மந்தைகள் செங்குத்தான கரையிற் பாய்ந்து கால் முறிய நேரிடும். காண வந்தவர் விலகி நிற்பதும் காட்சியின் ஒரு பகுதியே.

தென்னாபிரிக்கப் பிரதேசங்களில் மே முதல் ஒக்ரோபர் வரையுள்ள வறண்ட காலமே விலங்குகளைக் காண எளிது. புதர்கள் இலையுதிர்க்கின்றன, புல் தாழ்கின்றது, எஞ்சிய நீர்நிலைகளை நாடி எல்லா விலங்குகளும் வருகின்றன. நமீபியாவின் எற்றோஷா சரணாலயத்திற் பரந்த வெண்ணிற உப்புத்தரையின் ஓரமாக உள்ள சுனைகளருகே வண்டியை நிறுத்திக் காத்திருந்தாற் போதும். யானையும் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும் தாமே வந்து சேரும். மழை தொடங்கியதும் எங்கும் நீர் கிடைப்பதால் அவை கலைந்து மறைகின்றன. ஜூன், ஜூலை மாதங்களின் அதிகாலைக் குளிர் கடுமையானது. ஆபிரிக்கா என்றால் வெப்பமே என்று எண்ணிக் கம்பளி ஆடையின்றிச் செல்பவர் திறந்த வண்டியில் நடுங்குவர்.

பொட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ ஆற்றுப் படுகையோ இவ்விதிக்கு ஒரு புதுமை. அங்கோலா நாட்டு மலைகளிற் பெய்த மழைநீர், சமதளமான நிலத்தூடு மெல்ல மெல்ல ஊர்ந்து, பல மாதங்கள் கழித்தே அங்கு வந்து பரவுகின்றது. வானம் வறண்டிருக்கும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையுள்ள காலத்திலேதான் வெள்ளம் உச்சமடைகின்றது. ஓடத்திற் சென்று விலங்குகளைக் காண ஏற்ற காலம் அது. அந்நீர் கடலை அடையாமலே மணலிலும் வெயிலிலும் மறைந்துவிடுகின்றது.

இனி, மழைக்காலம் முற்றும் விலக்கத்தக்கதோ எனின், அன்று. ஏப்ரல், மே மாதங்களிற் கிழக்காபிரிக்காவின் கரிய களிமண் பாதைகளில் வண்டிகள் புதைவதும், விடுதிகள் சில மூடப்படுவதும் உண்மையே. நுளம்பு பெருகுவதால் மலேரியாக் காய்ச்சலுக்கு எதிரான காப்பும் அவசியமாகின்றது. ஆயினும், அக்காலத்திற் கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு, நிலம் பசுமை போர்த்திருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் பறவைகளும் அங்கே தங்குகின்றன. பறவைகளை விரும்புவோர்க்குப் பிறர் தவிர்க்கும் பருவமே பெரும் பருவமாகும்.

பருவங்களும் எப்பொழுதும் சொன்ன சொற் காப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில், இந்து சமுத்திரத்தின் மேற்குப்புறம் வழக்கத்தினும் வெப்பமடைந்தமையாற் குறுமழை பெருமழையாகிக் கிழக்காபிரிக்காவில் வெள்ளம் பெருகியது. பின்னர், மழை தொடர்ந்து பொய்த்தமையால், 2022 பெப்ரவரி முதல் ஒக்ரோபர் வரை 205 யானைகள் வறட்சிக்கு இரையாயின எனக் கென்ய அரசு அறிவித்தது. சுனையருகே விலங்குகளைத் திரளாகக் காணும் பயணி, அத்திரட்சி அவற்றின் நெருக்கடி என்பதையும் மறத்தலாகாது. காண்பவர்க்கு வசதியான வறட்சி, சற்று நீடித்தால் வாழ்பவைக்கு மரணமாகின்றது.

எனவே, புறப்படுவோர் முதலில் மாதத்தைக் கேளாது, தாம் காண விழைவதைத் தீர்மானித்தல் வேண்டும். கன்றுகளைக் காணப் பெப்ரவரியில் தென் செரங்கெற்றிக்கும், ஆறு கடப்பதைக் காண ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் மாராக் கரைக்கும், சுனையருகே காத்திருக்கச் செப்ரெம்பரில் எற்றோஷாவுக்கும், ஓடத்திற் செல்ல ஜூலையில் ஒக்கவாங்கோவுக்கும் செல்லலாம். அதன் பின், அவ்வாண்டு மழை எவ்வாறு பெய்தது என்பதை அங்குள்ளோரிடம் விசாரித்து அறிதல் நலம். விலங்குகள் மாதத்தின் பெயரை அறியா; அவை அறிந்தது நீரின் வழியையே. அவ்வழியை அறிந்து செல்பவர் வெறுங்கண்ணுடன் மீள்வது அரிது.